பிளிங்க்-182: தானாக அரிதானவையும் அரிதாக்கி விற்கப்பட்டவையும்

கண்கள் இருக்க வேண்டிய இடத்தில் இரண்டு பெருக்கல் குறிகள், முகத்தின் ஒரு பக்கத்தில் அம்புகள், கீழே ஒரு சிரிப்பு. பிளிங்க்-182 என்ற அமெரிக்க ராக் இசைக்குழுவின் ஒரு பாட்டைக்கூட முழுசாகக் கேட்காதவர்கள் பலருக்கு இந்த ஸ்மைலி பரிச்சயம், ஏனென்றால் டி-ஷர்ட், தொப்பி, ஸ்டிக்கர், ஸ்கேட்போர்டு என்று அது ஏறாத இடம் இல்லை. ஆனால் இந்தச் சின்னம் ஆல்பத்தின் அட்டைக்கு வந்தது 2003இல், குழு தொடங்கி 11 வருஷம் ஆனபிறகு. அதற்கு முந்தைய காலத்தில் இவர்களுக்குப் பெயரே ஒருமுறை மாறியது, டிரம்மர் மாறினார், ஒரு அட்டைப்படத்தைத் திருத்த வேண்டியிருந்தது. சேகரிப்பாளர்கள் இன்று தேடி அலைகிற பொருள்களில் முக்கியமானவை அந்தத் தடுமாற்றங்களிலிருந்து வந்தவைதான். யாரும் நினைக்காமலே அரிதாகிப்போன பொருள் ஒரு வகை, விற்பதற்காகவே அரிதாக்கப்பட்ட பொருள் இன்னொரு வகை. இரண்டும் பக்கத்தில் பக்கத்தில் கிடைக்கிற குழு இது, அதனால்தான் இவர்களின் வரலாற்றைப் பாட்டுகளை விடப் பொருள்கள் வழியாகச் சொல்லலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ஆரம்பம் 1992, கலிபோர்னியாவில் சான் டியேகோவுக்கு வடக்கே இருக்கிற போவே என்ற புறநகர். கிடார் வாசிக்கும் டாம் டிலாங் பள்ளிக்கூடத்துக் கூடைப்பந்துப் போட்டிக்குக் குடித்துவிட்டுப் போனதால் வெளியேற்றப்பட்டு வேறு பள்ளியில் சேர்ந்தார். அங்கே பழக்கமான பெண்ணுக்கு மார்க் ஹாப்பஸ் என்று ஒரு அண்ணன், பேஸ் கிடார் வாசிப்பவர். அவள் இருவரையும் அறிமுகப்படுத்தி வைத்தாள். டிரம்ஸுக்கு ஸ்காட் ரேனர், மூன்று பேரிலும் இளையவர். மூவரும் சேர்ந்து தங்கள் குழுவுக்கு வைத்த பெயர் வெறும் பிளிங்க்.

அவர்கள் வளர்ந்த ஊர்ப்பக்கம் ஸ்கேட்போர்டும் சர்ஃபிங்கும்தான் பையன்களின் உலகம். சான் டியேகோவின் சோமா என்ற அரங்கில் வாசித்தார்கள். டெய்லர் ஸ்டீல் எடுத்த சர்ஃபிங் வீடியோக்களில் இவர்கள் பாட்டு பின்னணியில் ஓடியது. வானொலி கண்டுகொள்வதற்கு முன்பே இவர்களை ஊர் ஊராகக் கொண்டுபோனது அந்த வீடியோக்களும், 1995இல் தொடங்கிய வார்ப்ட் டூர் என்ற சுற்றுப்பயணத் திருவிழாவும்தான். அதே காலத்தில் 1994இல் கிரீன் டே குழுவின் மூன்றாவது ஆல்பம் பெரிய அளவில் விற்று, மூன்று கார்ட் (கிடாரில் ஒரே நேரத்தில் சேர்த்து வாசிக்கும் ஸ்வரக் கூட்டு) மட்டும் வைத்து வேகமாக ஓடும் பங்க் இசையில் மெலடியான கோரஸைக் கலந்தால் லட்சக்கணக்கில் விற்கும் என்று பெரிய இசை வெளியீட்டுக் கம்பெனிகளுக்குக் காட்டியிருந்தது. பாப்-பங்க் என்று இன்று சொல்கிறோமே, அதற்குச் சந்தை உண்டானது அப்போதுதான்.

1994இல் வந்த 'புத்தா' கேசட்தான் சேகரிப்பாளர்கள் முதலில் கேட்கிற பொருள். ஹாப்பஸ் வேலை பார்த்த இசைக்கடையின் மேலாளர் காசு போட்டு, பக்கத்து ஊரில் ஒரு சின்ன ஸ்டுடியோவில் அவசர அவசரமாகப் பதிவு செய்து, ஏறத்தாழ 1,000 பிரதிகள் போட்டார்கள். வாங்கியவர்கள் காரில் போட்டுத் தேய்த்தார்கள், நண்பர்களுக்குக் கடன் கொடுத்துத் தொலைத்தார்கள், நாடா அறுந்தால் தூக்கியும் எறிந்திருப்பார்கள். பத்திரப்படுத்த வேண்டிய பொருள் என்று அப்போது யாருக்கும் தோன்றக் காரணமே இல்லை. 1998இல் கங் ஃபூ ரெக்கார்ட்ஸ் அதை மறுபடி வெளியிட்டதால் பெரும்பாலான பாட்டுகள் இன்று எல்லோருக்கும் கிடைக்கும், ஆனால் 1994 கேசட் என்பது வேறு விஷயம். பாட்டுக்காக யாரும் அதைத் தேடுவதில்லை. மூன்று பையன்கள் யாரென்றே உலகத்துக்குத் தெரியாத நாளில் கைக்குக் கை மாறிய பொருள் என்பதற்காகத் தேடுகிறார்கள்.

அடுத்தது 1995 பிப்ரவரியில் வந்த 'செஷயர் கேட்'. அட்டையில் நீலக்கண் பூனை, குழுவின் பெயர் பிளிங்க் என்று மட்டும். அயர்லாந்தில் அதே பெயரில் ஏற்கெனவே ஒரு குழு இருந்தது, அவர்கள் சட்ட நடவடிக்கை எடுப்போம் என்றார்கள். இவர்களின் கம்பெனி பெயரை மாற்றச் சொல்லி நெருக்கியது, நீங்கள் மாற்றாவிட்டால் நாங்களே மாற்றிவிடுவோம் என்ற அளவுக்குப் போனது. கடைசியில் 182 என்ற எண்ணைப் பின்னால் ஒட்டிக்கொண்டார்கள். அந்த எண்ணுக்குப் பேட்டிக்குப் பேட்டி வேறு வேறு கதை சொன்னார்கள்: ஒரு சினிமாவில் ஒரு கெட்ட வார்த்தை எத்தனை தடவை வருகிறது என்ற கணக்கு என்பார்கள், ஹாப்பஸ் எட்ட நினைத்த உடல் எடை என்பார்கள். உண்மையில் மனசுக்கு வந்த எண். ஆனால் அந்த அவசர எண்தான் பிறகு அவர்களின் முதல் சின்னமாக ஆனது, ரசிகர்கள் தோலில் பச்சை குத்திக்கொண்டார்கள். எண் இல்லாமல் வந்த ஆரம்பகாலப் பிரதிகள் சேகரிப்புப் பொருளானதும் இதனால்தான். ஒரு வக்கீல் மிரட்டல் இல்லாவிட்டால் அவை சாதாரண சிடியாகவே இருந்திருக்கும்.

இங்கே பங்க் இசையில் சின்னங்களுக்கு இருக்கும் இடத்தைப் பற்றிக் கொஞ்சம் சொல்லவேண்டும். எழுபதுகளின் கடைசியிலும் எண்பதுகளிலும் அமெரிக்கப் பங்க் குழுக்கள் விளம்பரம் செய்த வழி ஜெராக்ஸ் எடுத்த துண்டுப் பிரசுரம். கறுப்பு-வெள்ளை, மோசமான பிரதி, விளக்குக் கம்பத்தில் ஒட்டினால் மழையில் கரையும். அந்தத் தாளில் தாக்குப்பிடிக்கிற சின்னம்தான் நிலைத்தது. பிளாக் ஃபிளாக் குழுவுக்கு ரேமண்ட் பெட்டிபான் வரைந்து கொடுத்த நான்கு கறுப்புப் பட்டைகளை ஒரு மார்க்கர் பேனா இருந்தால் யாரும் சுவரில் போட்டுவிடலாம். டிசென்டன்ட்ஸ் குழுவுக்கு அதன் பாடகர் மைலோவின் கண்ணாடி போட்ட கேலிச்சித்திர முகம், நாலைந்து கோடுகளில் வந்துவிடும். டிலாங்கும் ஹாப்பஸும் டிசென்டன்ட்ஸைக் கேட்டு வளர்ந்தவர்கள். நோட்டுப் புத்தகத்தின் கடைசிப் பக்கத்தில் வரைய முடியாத சின்னம் பங்க்கில் செல்லாது என்ற பாடம் அவர்களுக்கு ரத்தத்திலேயே இருந்தது.

காசுக் காரணமும் உண்டு. கம்பெனி ஒப்பந்தத்தில் முன்பணம் வாங்கினால், ஆல்பம் விற்கிற காசிலிருந்து அந்த முன்பணம் கழியும்வரை குழுவின் கைக்குப் பெரிதாக எதுவும் வராது. கச்சேரி முடிந்து வாசலில் ஒரு மேசை போட்டு விற்கிற டி-ஷர்ட் காசு அன்றைக்கு ராத்திரியே கைக்கு வரும், வேனுக்குப் பெட்ரோல் போடலாம், சாப்பிடலாம். வேனில் சுற்றும் குழுக்களுக்கு டி-ஷர்ட் என்பது உயிர்நாடி. பிளிங்க் இதை மற்றவர்களை விட நன்றாகப் புரிந்துகொண்டார்கள் என்பதைப் பின்னால் பார்ப்போம்.

1997இல் 'டூட் ராஞ்ச்' வந்து வானொலியில் கால் வைத்தார்கள். 1998இல் ரேனர் விலக்கப்பட்டு டிராவிஸ் பார்க்கர் வந்தார். அவர் சுற்றுப்பயணத்தில் கூட வந்துகொண்டிருந்த அக்வாபேட்ஸ் குழுவின் டிரம்மர், மொத்தக் கச்சேரிக்கான பாட்டுகளையும் முக்கால் மணி நேரத்தில் கற்றுக்கொண்டு மேடையேறியதாகச் சொல்வார்கள். அவர் வந்தபின் குழுவின் வாசிப்பே மாறியது, இதில் எனக்குச் சந்தேகமே இல்லை.

அப்புறம் 1999 ஜூன் 1, 'எனிமா ஆஃப் தி ஸ்டேட்'. தயாரிப்பாளர் ஜெர்ரி ஃபின். அமெரிக்காவில் மட்டும் ஐந்து முறை பிளாட்டினம் சான்றிதழ் (ஒரு முறைக்குப் பத்து லட்சம் பிரதிகள்) பெற்ற ஆல்பம். அட்டையில் நர்ஸ் வேஷத்தில் ஜானைன் லிண்டெமல்டர், வயது வந்தோர் படங்களில் நடித்தவர், நீல ரப்பர் கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு நிற்கிறார். ஆல்பத்துக்கு முதலில் யோசித்த பெயர் மருத்துவப் பரிசோதனையில் டாக்டர் சொல்லும் ஒரு வசனம், கையுறை அந்த யோசனையின் மிச்சம். முதலில் வந்த பிரதிகளில் நர்ஸ் தொப்பியில் செஞ்சிலுவை இருந்தது. அமெரிக்கச் செஞ்சிலுவைச் சங்கம் ஆட்சேபித்தது. போர்க்களத்தில் சுடக்கூடாதவர்கள் யார் என்று காட்டுவதற்காக ஜெனீவா ஒப்பந்தங்கள் பாதுகாக்கும் அடையாளம் அது, வேடிக்கைக்கும் விற்பனைக்கும் போட்டால் அதன் மதிப்புக் குறையும் என்பது அவர்கள் பக்கத்து நியாயம், சரியான நியாயம்தான். பிறகு வந்த பிரதிகளில் தொப்பி வெறும் வெள்ளை. அதனால் இன்று அந்த ஆல்பத்தின் சிடியைக் கையில் எடுக்கும் சேகரிப்பாளர் முதலில் பார்ப்பது நர்ஸின் தொப்பியைத்தான். சிலுவை இருந்தால் முதல் வரிசை. கோடிக்கணக்கில் அச்சான ஆல்பத்துக்குள்ளும் இப்படி ஒரு சின்ன வேறுபாடு ஒளிந்திருக்க முடியும்.

இதுவரை சொன்னவை எல்லாம் தானாக நடந்தவை. 2001 ஜூனில் வந்த ஆல்பத்தில் கதை திரும்புகிறது. அதன் பெயர் 'டேக் ஆஃப் யுவர் பேண்ட்ஸ் அண்ட் ஜாக்கெட்', குழுவின் கிடார் உதவியாளர் ஒருவர் கொடுத்த ஆபாசச் சிலேடை, கடைசி வார்த்தையை 'ஜாக் இட்' என்று பிரித்துக் கேட்டால் விளங்கும். அட்டையில் மூன்று வட்டமான சின்னங்கள்: விமானம் ('டேக் ஆஃப்' என்றால் விமானம் கிளம்புவதும்தான்), பேண்ட், ஜாக்கெட். ஆளுக்கொரு சின்னம் என்று பார்ப்பதற்கும் வசதி, குழுவில் மூன்று பேர்தானே. இந்த ஆல்பத்தை மூன்று பதிப்பாக வெளியிட்டார்கள், சிவப்புக்கு விமானம், மஞ்சளுக்கு பேண்ட், பச்சைக்கு ஜாக்கெட். ஒவ்வொன்றின் கடைசியிலும் மற்ற இரண்டில் இல்லாத இரண்டு பாட்டுகள் ஒளித்து வைக்கப்பட்டிருந்தன. ஒன்று ஒழுங்கான காதல் தோல்விப் பாட்டு, இன்னொன்று பெரியவர்கள் காதில் விழக்கூடாத கெட்ட வார்த்தைக் கும்மாளம். மூன்று பதிப்பிலும் இதே ஜோடி அமைப்பு.

காலத்தை நினைத்துப் பாருங்கள். நாப்ஸ்டர் என்ற இணையப் பகிர்வுச் சேவையில் பாட்டை இலவசமாக இறக்கிக்கொண்டிருந்த வருஷங்கள். ஒரே ஆல்பத்தை ஒருவர் மூன்று தடவை காசு கொடுத்து வாங்க வேண்டுமென்றால் அது கையில் வைத்துக்கொள்ள ஆசைப்படுகிற பொருளாக இருக்க வேண்டும், நிறம் வேண்டும், சின்னம் வேண்டும், என்னிடம் பச்சை இருக்கிறது உன்னிடம் எது என்று பள்ளிக்கூடத்தில் கேட்டுக்கொள்ள ஒரு காரணம் வேண்டும். முதல் வாரத்தில் சுமார் 3,50,000 பிரதிகள் விற்று அமெரிக்கப் பட்டியலில் முதலிடத்தில் இறங்கியது. இதைக் கண்டிக்க எனக்கு மனசு வரவில்லை. ஒளித்து வைத்த ஆறு பாட்டுகளில் ஒழுங்கான மூன்றும் உண்மையிலேயே நல்ல பாட்டுகள், வாங்கினவன் ஏமாறவில்லை. ஆனால் சேகரிப்பு என்பது குழுவே வடிவமைத்துக் கொடுக்கும் விளையாட்டாக மாறியது இங்கேதான், அதைச் சொல்லாமல் இருக்க முடியாது.

அதே சமயத்தில் மூவரும் துணிக்கடை முதலாளிகளாகவும் ஆகியிருந்தார்கள். பார்க்கர் 1999இல் ஃபேமஸ் ஸ்டார்ஸ் அண்ட் ஸ்ட்ராப்ஸ் தொடங்கினார், பெல்ட் பக்கிளில் ஆரம்பித்துத் தொப்பி, சட்டை என்று விரிந்தது. ஹாப்பஸும் டிலாங்கும் சேர்ந்து 2001இல் அட்டிகஸ், செத்த பறவை சின்னம் போட்ட துணிகள். டிலாங்குக்கு அடுத்த வருஷம் மெக்பெத் என்ற காலணி நிறுவனம். லூசர் கிட்ஸ் என்ற இணையக் கடை வழியாக இவற்றை விற்றார்கள். கச்சேரியில், மியூசிக் வீடியோவில், பத்திரிகைப் படத்தில் அவர்கள் போட்டிருப்பது அவர்களின் சொந்தச் சரக்கு. நட்புக் குழுக்களின் ஆட்களுக்கும் அதையே மாட்டிவிட்டார்கள். 2002, 2003 வாக்கில் பாப்-பங்க் பையன் என்றால் எப்படி இருப்பான் என்று ஒரு தோற்றம் உண்டானதே, அகலமான பெல்ட், பறவை போட்ட டி-ஷர்ட், தட்டையான காலணி, அதில் கணிசமான பகுதி இந்த மூன்று பேரின் கிடங்கிலிருந்து வந்தது. குழுவின் பெயரே இல்லாத குழுப் பொருள் என்பதால் அந்தக் கால அட்டிகஸ் சட்டைக்கு இன்று தனி ரசிகர் கூட்டம் உண்டு.

2003 நவம்பர் 18இல் வந்த ஆல்பத்துக்குப் பெயரே வைக்கவில்லை. ஜோக் இல்லை, நர்ஸ் இல்லை, சிலேடை இல்லை. இருட்டான, கனமான இசை, கியூர் குழுவின் ராபர்ட் ஸ்மித் வந்து ஒரு பாட்டுப் பாடியிருக்கிறார். அட்டையில் அந்த ஸ்மைலி. சிரிக்கிற முகம்தான், ஆனால் கார்ட்டூனில் செத்தவனுக்குப் போடும் கண்கள். வேடிக்கைப் பையன்கள் என்ற பழைய அடையாளத்தையும், அதில் சலித்துப்போனதையும் ஒரே முகத்தில் சொல்லிவிட்டார்கள். அவர்கள் செய்த காட்சி வேலைகளில் இதுதான் ஆகச் சிறந்தது என்பது என் கருத்து. கண்ணை மூடிக்கொண்டு வரையலாம், ஜெராக்ஸில் நிற்கும், எந்த நிறத்திலும் வரும். எண்பதுகளின் பங்க் சின்னங்களுக்கு இருந்த எல்லாத் தகுதியும் இதற்கும் இருக்கிறது.

இந்தச் சின்னம் வந்து ஒன்றரை வருஷத்துக்குள், 2005 பிப்ரவரியில் குழு உடைந்தது. காலவரையற்ற இடைவெளி என்றுதான் அறிவித்தார்கள், ஆனால் ஒருவரோடொருவர் பேச்சே நின்றுபோயிருந்தது. டிலாங் ஏஞ்சல்ஸ் அண்ட் ஏர்வேவ்ஸ் என்ற குழுவைத் தொடங்கினார், மற்ற இருவரும் +44 என்ற குழுவை. 2008 ஆகஸ்ட்டில் ஜெர்ரி ஃபின் இறந்தார். அடுத்த மாதம் தென் கரோலினாவின் கொலம்பியாவில் பார்க்கர் ஏறிய சிறிய விமானம் ஓடுபாதையைத் தாண்டி ஓடி எரிந்தது. நான்கு பேர் இறந்தார்கள், அவரும் டிஜே ஏஎம் என்ற இசைக்கலைஞரும் கடுமையான தீக்காயங்களோடு பிழைத்தார்கள். ஆஸ்பத்திரிப் படுக்கைதான் மூவரையும் மறுபடி பேச வைத்தது. 2009 பிப்ரவரியில் கிராமி மேடையில் சேர்ந்து நின்று மறுபடி தொடங்குகிறோம் என்றார்கள். அவர்கள் சேர்ந்து இல்லாத அந்த நான்கு வருஷமும் ஸ்மைலி சட்டை தெருவில் நடந்துகொண்டுதான் இருந்தது.

2015இல் டிலாங் மறுபடி பிரிந்தபோது அவர் இடத்துக்கு அல்கலைன் ட்ரையோ குழுவின் மேட் ஸ்கிபா வந்தார். இந்தக் காலத்து அட்டைகளில் ஒரு விஷயம் கவனிக்கத் தக்கது, சுவர் ஓவியர்களைக் கூட்டி வந்தார்கள். 2016இன் 'கலிபோர்னியா' ஆல்பத்துக்கு லண்டன் தெருக்கலைஞர் டி-ஃபேஸ், 2019இன் 'நைன்' ஆல்பத்துக்கு லாஸ் ஏஞ்சல்ஸ் கிராஃபிட்டி ஓவியர் ரிஸ்க். மூன்றில் ஒருவர் மாறிவிட்ட குழுவுக்குப் பழைய முகத்தையே போடாமல் வேறொருவர் கையைத் தேடியது நேர்மையான முடிவு. 2021இல் ஹாப்பஸுக்குப் புற்றுநோய், அதிலிருந்து மீண்டார், 2022 அக்டோபரில் டிலாங் திரும்பினார், 2023 அக்டோபரில் 'ஒன் மோர் டைம்' ஆல்பம் வந்து அமெரிக்காவில் முதலிடம் பிடித்தது. பிரிவையும் விமான விபத்தையும் நோயையும் வெளிப்படையாகப் பாடிய ஆல்பம் அது.

சேகரிப்பவர்களுக்குப் பெரிய தலைவலி இந்தப் புதிய காலம்தான். இப்போது ஒரு ஆல்பம் வந்தால் வினைல் இசைத்தட்டு ஒவ்வொரு கடைக்கும் ஒவ்வொரு நிறம், சின்னச் சின்ன மாற்றத்தோடு பல பதிப்பு. இந்தக் குழு மட்டும் இல்லை, எல்லாப் பெரிய கலைஞர்களும் இதைச் செய்கிறார்கள், பட்டியலில் இடம் பிடிக்க இது உதவுகிறது. 'வாட்ஸ் மை ஏஜ் அகெயின்' வீடியோவில் மூவரும் துணியில்லாமல் தெருவில் ஓடுவார்கள், அந்த ஓட்டத்தை ஃபங்கோ நிறுவனம் மறைப்புப் பட்டையோடு மூன்று பொம்மைகளாகப் போட்டது. எனக்கு அந்தப் பொம்மை பிடிக்கும், ஆனால் பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் விலை ஏறும் என்ற நம்பிக்கையில் வாங்குவதில் அர்த்தம் இல்லை. எல்லோரும் பெட்டியைப் பிரிக்காமல் வைத்தால் அது எப்படி அரிதாகும்? 1994 கேசட் அரிதானது எல்லோரும் அதைப் பயன்படுத்தித் தேய்த்ததால்.

டிலாங்கின் கிடார் இதற்கு நல்ல சாட்சி. 2001இல் ஃபெண்டர் என்ற கிடார் கம்பெனி அவர் பெயரில் ஒரு ஸ்ட்ராடோகாஸ்டர் கிடார் விட்டது. கம்பியின் அதிர்வைப் பிடிக்கும் பிக்கப் வழக்கமாக மூன்று இருக்கும், இதில் அதற்குப் பதில் சீமோர் டங்கன் கம்பெனியின் இன்வேடர் ஒன்று மட்டும், ஒலியளவுக்கு ஒரே ஒரு குமிழ், டோன் குமிழ் கிடையாது. மேடையில் குதித்துக்கொண்டே வாசிப்பவனுக்கு வேறெதுவும் வேண்டாம் என்ற கணக்கு. மெல்லிய பச்சை, மஞ்சள், நீலம், கறுப்பு என்று வந்தது. சில வருஷத்தில் அவர் கிப்சன் என்ற வேறு கம்பெனிக்கு மாறியதும் அது நின்றுபோனது. பையன்கள் ஸ்டிக்கர் ஒட்டி, கீழே போட்டு, கார் ஷெட்டில் வாசித்துத் தள்ளிய கிடார் அது. அந்தப் பையன்கள் சம்பாதிக்கிற வயசுக்கு வந்தபோது பழைய கிடார் சந்தையில் அதன் விலை எங்கேயோ போய்விட்டது. 2023இல் ஃபெண்டர் மறுபடி தயாரிக்க ஆரம்பித்தது. வாசிக்க ஆசைப்பட்டவர்களுக்கு அது பெரிய நிம்மதி. முதல் வரிசைக் கிடாரைத் தேடுபவர்கள் இன்னும் தேடிக்கொண்டுதான் இருக்கிறார்கள்.

பழைய பொருள் வாங்க நினைக்கிறவர்கள் அட்டையை மட்டும் பார்த்து ஏமாறக்கூடாது. சிடி என்றால் பின்பக்கம் நடுவளையத்தில் பொறித்திருக்கும் எண்ணைப் பாருங்கள், வினைல் என்றால் கடைசிப் பாட்டுக்கும் லேபிளுக்கும் நடுவே சுரண்டி எழுதிய குறியைப் பாருங்கள், அதை வைத்துத்தான் எந்த அச்சு என்று சொல்ல முடியும். டி-ஷர்ட்டில் படத்தின் கீழே பொடி எழுத்தில் உரிமை வரியும் வருஷமும் பல சமயம் இருக்கும், ஆனால் போலி அடிப்பவர் அதையும் சேர்த்தே அடிப்பார். அதனால் கழுத்து லேபிள், தையல், துணியின் நைவு மூன்றும் அந்த வருஷத்தோடு ஒத்துப்போகிறதா என்று பாருங்கள். ஸ்மைலி சட்டையை 1999 டூர் சட்டை என்று யாராவது விலை சொன்னால் அந்த இடத்திலேயே கிளம்பிவிடலாம்.